எடை குறைந்த டிரெயில் வண்டி: 120 மி.மீ. போதுமா, 140 வேண்டுமா?

ஃபுல் சஸ்பென்ஷன் எம்டிபி (முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள மலைச் சைக்கிள்) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் செய்வது வண்டியைத் தூக்கிப் பார்ப்பதுதான். 12 கிலோவுக்கும் 14 கிலோவுக்கும் கையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் அந்த 2 கிலோ எந்தப் பாகத்தில் குறைந்தது என்பது கைக்குத் தெரியாது. சக்கரத்தில் குறைந்திருந்தால் லாபம். டயரின் பக்கச்சுவரிலும் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் அதிர்வுதாங்கி) குறைந்திருந்தால், ஏற்றத்தில் சம்பாதித்ததை இறக்கத்தில் வட்டியோடு கொடுக்க நேரிடும். வேரும் கல்லும் வளைவுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் வாரத்துக்கு ஓரிரு முறை, இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்காக இந்த ஒப்பீடு. பந்தயத்துக்குத் தயாராகிறவருடைய கணக்கு வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சரிப்பட்டு வருவது பின்னால் 120 மி.மீ., முன்னால் 130 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரம்) உள்ள வண்டி. ராக்‌ஷாக்ஸ் பைக் (Pike) அல்லது ஃபாக்ஸ் 34 ரக ஃபோர்க். பெடலோடு சேர்த்து 13 முதல் 14 கிலோ. இதைவிட இலேசான வண்டியையோ, அதிக டிராவல் உள்ள வண்டியையோ எடுக்க நல்ல காரணங்கள் உண்டு. அந்தக் காரணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2 கிலோ என்றால் எவ்வளவு?

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 14 கிலோ, மொத்தம் 84. வண்டியில் 2 கிலோ குறைந்தால் மொத்தம் 82. செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய மொத்த எடையைப் பொறுத்தது என்பதால், குறைவது 2.4 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம். பந்தயத்தில் இது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை சவாரியில், மேலே போய் நண்பருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கரைந்துவிடும். எடை தன்னை உண்மையாகக் காட்டுவது வேறு இடங்களில்: ஒவ்வொரு வளைவுக்கும் பிறகு மறுபடி வேகம் எடுக்கும்போது, வேரின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போது, வண்டியைத் தோளில் போட்டுப் பாறை ஏறும்போது. சிங்கப்பூரின் செஸ்ட்நட் பூங்காவிலும் புலாவ் உபினின் கெத்தாம் பூங்காவிலும் உள்ளது போலக் குட்டையான, திடீர் ஏற்றங்கள் உள்ள பாதைகளில் இலேசான சக்கரம் நன்றாகவே உணரப்படும். நீண்ட, ஒரே சீரான காட்டுச்சாலை ஏற்றத்தில் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்று. நிறுவனம் அச்சிடும் எடை பெரும்பாலும் மீடியம் அளவுக்கு, பெடல் இல்லாமல். 12.2 கிலோ என்று போட்டிருந்தால் ஃபிளாட் பெடலுக்கு 400 கிராம், இரண்டு டயருக்கும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) 200 கிராம், வண்டியில் கட்டிவைக்கும் டியூப், டூல், பம்ப் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று கூட்டுங்கள். 13.2 கிலோ வந்துவிடும், இன்னும் தண்ணீர் பாட்டிலைச் சேர்க்கவில்லை. ஒரு வண்டியின் அட்டை எடையையும் இன்னொரு வண்டியைக் கடையில் பெடலோடு நிறுத்த எடையையும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். இரண்டையும் ஒரே தராசில், ஒரே பெடலோடு தொங்கவிட்டுப் பாருங்கள்.

முதல் ரகம்: முன்னும் பின்னும் 120

பந்தய வண்டியின் எலும்பும் டிரெயில் வண்டியின் கோணங்களும் சேர்ந்தது இந்த ரகம். டவுன்கன்ட்ரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2020-இல் வந்த டிரான்சிஷன் ஸ்பர் இதற்கு நல்ல உதாரணம்: முன்னும் பின்னும் 120 மி.மீ., ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வு; எண் குறையக் குறைய இறக்கத்தில் துணிவு) 66 டிகிரி, கார்பன் ஃபிரேம். பின்பக்க சீட்ஸ்டேயில் ஆக்ஸில் பக்கம் பிவட் (அசையும் மூட்டு) கிடையாது. கார்பனே சில மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கிறது. ஒரு ஜோடி பேரிங்கும் போல்ட்டும் இல்லாததால் எடையும் குறைகிறது, மழைக்காலத்தில் மாற்ற வேண்டியதும் குறைகிறது. கேனன்டேல் ஸ்கால்பெல் எஸ்இ, சாண்டா குரூஸ் பிளர் டிஆர் (பின்னால் 115 மி.மீ.) ஆகியவையும் இதே வீட்டுப் பிள்ளைகள்தாம். நல்ல பாகங்களோடு 11.5 முதல் 12.5 கிலோவுக்குள் நிற்கும்.

இந்த ரகத்தின் சிக்கல் கோணங்களில் இல்லை. 66 டிகிரி ஹெட் ஆங்கிள் தரும் தைரியத்தில் நீங்கள் டிரெயில் வண்டியின் வேகத்தில் இறங்குவீர்கள்; ஆனால் கீழே இருப்பது பந்தய வண்டியின் ஃபோர்க், இரண்டு பிஸ்டன் பிரேக், மெல்லிய டயர். வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் பிடிமானம் அனுமதிக்கப்படவில்லை. 15 நிமிடத் தொடர் இறக்கத்தில் உள்ளங்கை எரிவது, பிரேக் லீவர் கைப்பிடி வரை வருவது, கல்லில் ரிம் இடித்து டயர் காற்றை விடுவது எல்லாம் இந்த முரணிலிருந்து வருபவை. மண்பாதை, மென்மையான வேர்கள், நீண்ட தூரம், நிறைய ஏற்றம் என்றால் இதைவிட இன்பமான வண்டி கிடையாது. ஒரே நாளில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுபவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

இரண்டாம் ரகம்: பின்னால் 120, முன்னால் 130

தாளில் பார்த்தால் முன்னால் 10 மி.மீ. மட்டுமே கூடுதல். ஆனால் அந்த 10 மி.மீ.க்காக நிறுவனங்கள் வேறு ஃபோர்க், வேறு பிரேக், வேறு டயர் போடுகின்றன. வண்டியின் குணமே மாறிவிடுகிறது.

ஸ்பெஷலைஸ்டு எபிக் 8 ஈவோ இந்த ரகத்தில் மிக இலேசானவற்றில் ஒன்று. பந்தய எபிக் 8-இன் அதே ஃபிரேமில் 130 மி.மீ. ஃபோர்க்கும் தடித்த டயரும் போட்டிருக்கிறார்கள். பின்னால் 120 மி.மீ., தாழ்ந்த அமைப்பில் ஹெட் ஆங்கிள் 65.4 டிகிரி, டவுன் டியூபுக்குள் சாமான் வைக்கும் அறை. ஏற்றத்தை விரும்புகிறவர், ஆனால் முதல் ரகத்தின் ஃபோர்க் தமக்குப் போதாது என்று தெரிந்தவர் இதைப் பார்க்கலாம்.

டிரெக் டாப் ஃபியூயலின் நான்காம் தலைமுறை 2024-இல் வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வளைந்து கொடுக்கும் தன்மை. பின்னால் 120 மி.மீ.; 50 மி.மீ. ஸ்ட்ரோக் (அமுங்கும் நீளம்) உள்ள ஷாக்கை, அதாவது பின்பக்க அதிர்வுதாங்கியை, எடுத்துவிட்டு அதே நீளத்தில் 55 மி.மீ. ஸ்ட்ரோக் ஷாக் போட்டால் 130 ஆகிவிடும். ஷாக்கின் கீழ் முனையில் உள்ள மினோ லிங்க் நான்கு நிலைகளில் நிற்கும்: ஹெட் ஆங்கிளை மாற்ற இரண்டு, சஸ்பென்ஷன் கடைசியில் எவ்வளவு வேகமாக இறுக வேண்டும் என்பதற்கு இரண்டு. அலுமினியத்திலும் கார்பனிலும் கிடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து உங்கள் ஓட்டம் மாறினால் வண்டியும் கூடவே மாறும். எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

சாண்டா குரூஸ் டால்பாயின் ஐந்தாம் தலைமுறையும் 120, 130 தான். ஹெட் ஆங்கிள் 65.5 அல்லது 65.7. ஷாக் கீழே பிபிக்கு (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) அருகில் உட்காருவதால் எடை தாழ்வாக இருக்கும். இதே டிராவலில் இதைவிட இலேசான வண்டிகள் பல உண்டு. கல் நிறைந்த இடத்தில் இது 120 என்று நம்ப முடியாத அளவுக்கு உறுதியாக நிற்கும். அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலைதான் அந்த எடை. ஃபிரேம் பேரிங்குகளை முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க இலவசமாகத் தருகிறார்கள். மழையில் ஓட்டுபவர் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

யெட்டி எஸ்பி120 ஓட்டுவதற்கு அருமையான வண்டி. பெடல் மிதிக்கும்போது பின்பக்கம் குதிக்காது, ஷாக்கைப் பூட்டவே தோன்றாது. அதன் ஸ்விட்ச் இன்ஃபினிட்டி என்ற சறுக்கு அமைப்புக்கு மட்டும் ஒழுங்காக கிரீஸ் அடிக்க வேண்டும். நிப்பிள் வைத்தே தருகிறார்கள், வேலை சில நிமிடம்தான். ஆனால் அதை மறந்துவிடுகிறவர் இந்த வண்டியை எடுக்காதிருப்பது நல்லது.

ஸ்காட் ஸ்பார்க் 900 வரிசை வேறு பாதையில் போகிறது. ஷாக் ஃபிரேமுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் உள்ள டுவின்லாக் லீவரை அழுத்தினால் ஃபோர்க்கும் ஷாக்கும் சேர்ந்து மூன்று நிலைகளில் மாறும். தார்ச்சாலையில் வெகுதூரம் போய் டிரெயிலை அடைகிறவருக்கு இது வரப்பிரசாதம். சேறு ஷாக்கில் படாது. மறுபக்கம், கேபிள்களும் பிரேக் ஹோசும் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதி) வழியாகப் போகின்றன. மேல் பேரிங் துருப்பிடித்தால் மாற்றுவதற்குப் பிரேக் ஹோசையும் கழற்றி, மறுபடி காற்று நீக்க வேண்டிவரலாம். பிபி பிரஸ்ஃபிட் 92, அதாவது மரையில்லாமல் அழுத்திப் பொருத்துவது. மேலே சொன்ன டிரெக், ஸ்பெஷலைஸ்டு, சாண்டா குரூஸ் மூன்றிலும் மரையுள்ள 73 மி.மீ. பிபி என்பதால் ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.

மூன்றாம் ரகம்: 140-உம் அதற்கு மேலும்

ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்ப்பர் 15, பின்னால் 145, முன்னால் 150. டிரெக் ஃபியூயல் ஈஎக்ஸ் ஆறாம் தலைமுறை, 140 மற்றும் 150. விலை உயர்ந்த கார்பன் வடிவங்களில் 14 கிலோவை ஒட்டி வரும். அலுமினியம் என்றால் 15-ஐத் தாண்டும். உங்கள் பாதையில் முழங்கால் உயரப் படிகள் தொடர்ந்து வந்தால், அல்லது நீங்கள் 90 கிலோவுக்கு மேல் இருந்து வேகமாக இறங்குபவராக இருந்தால், எடையை மறந்துவிட்டு இதை எடுங்கள். சமதளப் பாதையில் இந்த வண்டி மந்தமாக இருப்பதற்கு எடை பாதிக் காரணம்தான். சாய்ந்த ஹெட் ஆங்கிளும் நீண்ட வீல்பேஸும், குறைந்த வேகத்தில் முன்சக்கரத்தைத் திருப்ப உடலை நன்றாகச் சாய்க்கச் சொல்லும். கொண்டை ஊசி வளைவு நிறைந்த ஏற்றத்தில் இது மெய்யான தொல்லை.

டிராவலை மட்டும் பார்த்து வண்டியின் வலிமையை முடிவு செய்யாதீர்கள். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஏஎஸ்டிஎம் (தர நிர்ணய அமைப்பு) வகைப்பாட்டைப் பாருங்கள். வகை 3 என்றால் 61 செ.மீ. வரையிலான குதிப்புக்கு; வகை 4 என்றால் 122 செ.மீ. வரை. 120 மி.மீ. வண்டிகளிலேயே சில 3, சில 4. அதே இடத்தில் ஓட்டுபவர், வண்டி, பை எல்லாம் சேர்ந்த எடை வரம்பும் இருக்கும். மிக இலேசான சக்கரங்களுக்குத் தனி வரம்பு உண்டு, அது ஃபிரேமின் வரம்பைவிடக் குறைவாக இருக்கலாம்.

ஃபோர்க்: எடை குறைக்கக் கூடாத முதல் இடம்

120 மி.மீ. ராக்‌ஷாக்ஸ் சிட் சுமார் ஒன்றரை கிலோ. ராக்‌ஷாக்ஸ் பைக் ஃபோர்க் சுமார் 1.8. இரண்டுக்குமே குழாய் 35 மி.மீ. தடிமன்தான் என்பதால் பலர் இரண்டும் ஒன்று என்று எண்ணுகிறார்கள். அந்த 300 கிராம் சொச்சம் கிரவுனிலும் (இரு குழாய்களை மேலே இணைக்கும் பாகம்) கீழ்க்கால்களிலும் டாம்பரிலும் (அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருக்கிறது. முன்பிரேக்கை அழுத்தியபடி கற்களுக்கு நடுவே திரும்பும்போது, இலேசான ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் சற்றே முறுக்கும். முறுக்கிய நிலையில் புஷ்ஷிங்குகள் பிடித்துக்கொள்ளும். ஃபோர்க் தேவையான நேரத்தில் அசையாது. ஓட்டுபவர் இதை "ஃபோர்க் கடினமாக இருக்கிறது" என்று உணர்ந்து காற்றைக் குறைப்பார். அப்போது அது முன்னால் மூழ்க ஆரம்பிக்கும், ஹெட் ஆங்கிள் செங்குத்தாகும், தைரியம் போய்விடும். காற்றைக் குறைத்துத் தீர்க்க முடியாத குறை இது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த முறுக்கல் பெரும்பாலும் தெரியாது. 75-ஐத் தாண்டியவருக்குத் தெரியும்.

டாம்பரையும் பாருங்கள். ஒரே பெயரில் வரும் ஃபோர்க்குகளில் விலை குறைந்த வடிவத்தில் எளிய டாம்பர் இருக்கும். குழாயின் நிறமும் ஸ்டிக்கரும் அதைச் சொல்லாது. பாகப் பட்டியலில் டாம்பர் பெயரைத் தேடுங்கள்.

இலேசான வண்டியை வாங்கிவிட்டு நீளமான ஃபோர்க் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 10 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிளும் சீட் ஆங்கிளும் சுமார் அரை டிகிரி சாயும், ஹேண்டில்பார் உயரும், ரீச் (பிபியிலிருந்து ஃபிரேமின் முன்தலை வரை கிடைமட்டத் தூரம்) சில மில்லிமீட்டர் குறையும். ஃபிரேம் நிறுவனம் அனுமதிக்கும் அதிகபட்ச ஃபோர்க் நீளத்தைத் தாண்டினால் வாரன்டி போய்விடும். அனுமதி இருந்தாலும் புதிய ஃபோர்க்கின் விலையைச் சேர்த்துப் பார்த்தால், முதலிலேயே இரண்டாம் ரகத்தை வாங்கியிருக்கலாம் என்ற கணக்குதான் வரும்.

டயரும் சக்கரமும்

வண்டியின் குணத்தை மிக மலிவாக மாற்றக்கூடிய இடம் டயர். கெடுக்கக்கூடிய இடமும் அதுவே. மேக்ஸிஸ் ஆஸ்பென் 29 x 2.4 சுமார் 770 கிராம். அதே நிறுவனத்தின் மினியன் டிஎச்எஃப் 29 x 2.5 சுமார் ஒரு கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அரைக் கிலோ வித்தியாசம்; கடைக்காரர் அட்டையில் 12.9-ஐ 12.4 ஆக்கிக் காட்ட இது ஒன்றே போதும். ஆஸ்பென் காய்ந்த, கெட்டியான மண்ணில் பறக்கும். ஈரமான வேரில் அதை முன்னால் வைத்து ஓட்டுவது உடம்புக்கு நல்லதில்லை.

டிரெயிலுக்கு நடுவழி உண்டு. முன்னால் பிடிமானமுள்ள டயர், உதாரணமாக டிசெக்டர் 2.4, பின்னால் வேகமாக உருளும் ரெக்கான் 2.4. முன்டயர் வழுக்கினால் நீங்கள் விழுவீர்கள், பின்டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடுவீர்கள். அதனால் எடையைக் குறைப்பதானால் பின்னால் குறையுங்கள். கல் கூர்மையாக உள்ள இடத்தில் மட்டும் இது தலைகீழ்: உங்கள் எடையில் பெரும்பகுதி விழுவது பின்சக்கரத்தில், பக்கச்சுவர் கிழிவதும் ரிம் நெளிவதும் அங்கேதான். அங்கே பின்டயருக்கு எக்ஸோ பிளஸ் (மேக்ஸிஸின் தடித்த வகை) பக்கச்சுவர் வாங்குங்கள், அல்லது டயருக்குள் 150 கிராம் அளவிலான இலேசான நுரை இன்சர்ட் போடுங்கள்.

காற்று: 75 கிலோ எடை, உள் அகலம் 30 மி.மீ. ரிம், டியூப்லெஸ் 2.4 டயர் என்றால் முன்னால் 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னால் 23 முதல் 25 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். வளைவில் டயர் மடங்குவது போலிருந்தால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ரிம் கல்லில் படும் சத்தம் ஒரு சவாரியில் ஓரிரு முறைக்கு மேல் கேட்டாலும் அப்படியே. சீலன்ட் ஒரு டயருக்கு 100 மில்லி. நம் ஊர் வெயிலில் அது இரண்டு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். வால்வு கோரைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரத்தில் 2 கிலோ அலுமினிய ஜோடிக்குப் பதில் 1.6 கிலோ ஜோடி போட்டால் வரும் மாற்றம், ஃபிரேமில் 400 கிராம் குறைத்தால் வருவதைவிட நன்றாகத் தெரியும். நிறுத்தி நிறுத்தி வேகமெடுக்கும் பாதையில் ரிம்மின் எடையைத்தான் கால் உணர்கிறது. இதைப் பிறகும் மாற்றலாம். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள முடியாதவை ஃபிரேமும் அதன் கோணங்களும்.

ஒரே பணம்: கார்பனா, அலுமினியமா?

கடையில் அதிகம் நடக்கும் வாக்குவாதம் இது. ஒரே விலையில் இரண்டு வண்டி நிற்கும். ஒன்று கார்பன் ஃபிரேம். ஸ்ராம் என்எக்ஸ் கியர், கீழ்நிலை ஃபோர்க், கனமான சக்கரம். மற்றது அலுமினியம், ஷிமானோ எஸ்எல்எக்ஸ், நல்ல டாம்பருள்ள ஃபோர்க், நான்கு பிஸ்டன் பிரேக். ஃபிரேமில் கார்பன் முக்கால் கிலோவோ அதற்குச் சற்று மேலோ குறைக்கும். ஆனால் என்எக்ஸ் கேசெட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மட்டுமே 615 கிராம். எஸ்எல்எக்ஸ் 10-51 கேசெட் 535 கிராம் அளவில். சக்கரம், கிராங்க், ஹேண்டில்பார் என்று இப்படியே கூட்டிக்கொண்டே போனால் இரண்டு வண்டிக்கும் நடுவே மிஞ்சுவது அரைக் கிலோகூட இருக்காது.

"பிறகு பாகங்களை மாற்றிக்கொள்ளலாம்" என்று கார்பனை எடுப்பவருக்கு ஒரு தகவல். என்எக்ஸ் கேசெட் பழைய ஷிமானோ வகை ஃப்ரீஹப்பில் (கேசெட்டைத் தாங்கும் உருளை) ஏறுவது, சிறிய பல் 11. அதை ஜிஎக்ஸ் 10-52 கேசெட்டாக மாற்ற எக்ஸ்டி (XD) வகை ஃப்ரீஹப் பாடி வேண்டும். ஷிமானோவின் 12 ஸ்பீட் 10-51-க்கோ மைக்ரோ ஸ்பிளைன் பாடி வேண்டும். வண்டியோடு வரும் மலிவு ஹப்பில் இந்தப் பாடிகள் கிடைக்காமல் போவது சகஜம். அப்போது பின்சக்கரத்தையே மாற்ற வேண்டும். அதனால் வாங்கும் முன் ஹப்பின் பெயரைக் கேளுங்கள்.

என் தீர்ப்பு: பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நல்ல ஃபோர்க்கோடு அலுமினியம். நல்ல ஃபோர்க், நல்ல சக்கரம், நல்ல பிரேக் மூன்றும் வந்த பிறகும் பணம் மிச்சமிருந்தால் கார்பன். கல்லடி பயத்தை முக்கியக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை. அலுமினியம் சொட்டையாகும், கார்பன் சிதறும் அல்லது தாங்கும். கார்பனைச் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். டவுன் டியூபின் அடியிலும் செயின்ஸ்டேயிலும் ரப்பர் காப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மற்றவை, சுருக்கமாக

பிரேக்கில் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் 180 மி.மீ. ரோட்டாரும் சேர்ந்து சக்கரத்துக்குச் சில பத்து கிராம்தான் கூட்டும்; யோசிக்காமல் போடுங்கள். ஃபோர்க் எவ்வளவு பெரிய ரோட்டாரை ஏற்கும் என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் கம்பி) 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 100, 125 மி.மீ. டிராப்பர் இலேசானது, செங்குத்தான இடத்தில் சீட் வயிற்றில் இடிக்கும்போது அந்த இலேசால் பயனில்லை. சீட் டியூபில் வளைவோ பிவட்டோ இருந்தால் நீண்ட போஸ்ட் முழுசாக இறங்காது. போஸ்ட்டைக் கையில் எடுத்து இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு: 165 முதல் 170 செ.மீ. உயரமுள்ளவர்கள் பல நிறுவனங்களில் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் நடுவே விழுவார்கள். வளைவான, குறுகலான பாதை என்றால் சிறியது. நேரான, வேகமான பாதை என்றால் பெரியது, 40 மி.மீ. ஸ்டெம்மோடு. ஸ்மால் ஃபிரேமில் முழு பாட்டில் உள்ளே நுழையுமா என்று மறக்காமல் பாருங்கள்.

60 கிலோவுக்குக் கீழ் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ரிபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் மறுபடி எழும் வேகம். ஷாக்குகள் சராசரி எடைக்கு டியூன் செய்து வருகின்றன. உங்களுக்குக் காற்று குறைவாகத்தான் தேவை; அந்தக் குறைந்த அழுத்தத்தில் ரிபவுண்ட் குமிழை முழுக்கத் திறந்தும் ஷாக் மெதுவாகவே எழும். தொடர் வேர்களில் எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, 120 மி.மீ. வண்டி 70 மி.மீ. வண்டியாகிவிடும். டெஸ்ட் ரைடின்போதே குமிழ் முழுக்கத் திறந்த நிலையை அடைந்துவிட்டால், உள்டியூனை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

டெஸ்ட் ரைடில் பார்க்க வேண்டியவை

முதலில் சாக் (உங்கள் எடைக்குச் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) வையுங்கள். நீங்கள் ஓட்டும் உடையோடும் பையோடும் வண்டியில் உட்காருங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஷாக்கிலுள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளி, குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். 45 மி.மீ. ஸ்ட்ரோக் ஷாக்கில் வளையம் 12 முதல் 13.5 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும், 50 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 13 முதல் 15. ஃபோர்க்கில் 130-க்கு 23 முதல் 26 மி.மீ. இதை வைக்காமல் இரண்டு வண்டிகளை ஓட்டி ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது அடைத்த காற்றை. இரண்டு வண்டியின் டயர் அழுத்தத்தையும் ஒன்றாக்குங்கள். முடிந்தால் ஒரே டயர் மாட்டச் சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் செய்வார்.

பிறகு ஒரே பாதையை இரண்டிலும் ஓட்டுங்கள். உட்கார்ந்தபடி, ஷாக் திறந்த நிலையில், வேர் உள்ள ஏற்றம் ஒன்று. பிரேக்கோடு திரும்பும் கல் இறக்கம் ஒன்று. முதலாவதில் பின்சக்கரம் வழுக்குகிறதா, பெடல் கல்லில் இடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் கை எவ்வளவு களைக்கிறது என்று பாருங்கள். தார்ச்சாலையில் வட்டமடித்துவிட்டு வந்தால் எடை குறைந்த வண்டிதான் எப்போதும் ஜெயிக்கும்.

பழைய வண்டி அல்லது டெமோ வண்டி வாங்குவதாக இருந்தால் இதையும் செய்யுங்கள். வண்டி நிற்கும்போது சீட்டைப் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும் வரை மெல்லத் தூக்குங்கள். சக்கரம் எழும் முன் "டக்" என்று ஒரு சிறு அசைவு தெரிந்தால் எங்கோ தேய்மானம் உண்டு. மற்றொரு கையின் விரலை ஷாக்கின் முனைகளிலும் ஒவ்வொரு பிவட்டிலும் மாறி மாறி வைத்தபடி மறுபடி தூக்குங்கள். எந்த மூட்டு அசைகிறதோ அதை விரல் சொல்லிவிடும். ஷாக் முனையின் புஷ்ஷிங் என்றால் மலிவான வேலை. மெயின் பிவட் என்றால் போல்ட் தளர்ந்ததா, பேரிங் போனதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். தளர்ந்த போல்ட்டோடு நெடுநாள் ஓடியிருந்தால் பேரிங் உட்காரும் குழியே ஃபிரேமில் அகன்றிருக்கும். அந்த வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பராமரிப்புச் செலவையும் கேட்டு வையுங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கும் ஷாக்கின் ஏர் கேனுக்கும் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை சர்வீஸ், டாம்பருக்கு 200 மணி நேரம். ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. வாரம் 5 மணி நேரம் ஓட்டினால் ராக்‌ஷாக்ஸின் 50 மணி நேரம் பத்தே வாரத்தில் வந்துவிடும். கேன்யன், ஒய்டி போன்று நேரடியாக அனுப்பும் நிறுவனங்களில் அதே பணத்துக்கு நல்ல பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் சர்வீஸும் வாரன்டி பேச்சும் உங்கள் தலையில். உங்கள் ஊரில் ஷாக்கைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இல்லாவிட்டால், பக்கத்துக் கடை விற்கும் நிறுவனத்தின் வண்டி அரைக் கிலோ கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். பணம் கொடுக்கும் முன், அந்த ஃபிரேமின் டிரெய்லியர் ஹேங்கரும் (பின்பக்க கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு) பேரிங் கிட்டும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, ஹேங்கர் ஒன்றை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யுடிஎச் (பொதுவான) ஹேங்கர் உள்ள ஃபிரேம் என்றால் அந்தக் கவலையும் குறைவு; எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் அதே ஒரு பாகம்தான்.